மூன்றெழுத்தில் ஒரு நிறுத்தம்

என் அக்கா நடிக்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னது நான்தான். இரண்டரை வருடம் கழித்து, அதே சொல்லை என்னைப் பற்றி என் கணவர் இன்னொரு டாக்டரிடம் சொன்னார். அக்கா செத்துப்போனாள். நான் பிழைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் வந்தது ஒரே நோய். அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எங்கள் பக்கத்தில் அநேகமாக யாரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டு எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இருக்காது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மாரீஸ்வரி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் மிஷினுக்குப் போவதற்கு முன் என் மேசைக்கு வரும். அக்கா ராமலட்சுமி என்னைவிட ஆறு வயது மூத்தவள். நாரணாபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பட்டாசு கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றினாள். அவள் கணவர் குருசாமி அத்தான் லாரியில் லோடு ஏற்றுகிறவர். ஒரே மகள், முத்துச்செல்வி.

அக்காவுக்கு முப்பது வயதுக்கு மேல் வயிற்றுவலி ஆரம்பித்தது. மாதவிடாய்க்கு நாலைந்து நாள் முன்னால் வரும். வந்தால் மூன்று நாள் எழுந்திருக்க மாட்டாள். டாக்டர்கள் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். வயிறு பஞ்சு மாதிரி இருக்கும், ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. "வயித்துல ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், வீட்டில் இருக்கிறவர்களுக்கு. அத்தான் பட்டாசு மருந்துதான் உள்ளே போய்விட்டது என்றார். அக்கம்பக்கத்தில் காத்துக்கருப்பு என்றார்கள். நான் பன்னிரண்டாவது படித்தவள். மருந்தும் இல்லை, பேயும் இல்லை, வேலைக்குப் போகச் சோம்பல் என்று சொன்னேன். எல்லோரையும்விட நான் அறிவோடு பேசுவதாக அப்போது எனக்கு எண்ணம்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம், பங்குனிப் பொங்கலுக்கு அக்கா விரதம் இருந்தாள். அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, ஒருவேளைச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாள். வலி நிற்க வேண்டும் என்பதுதான் நேர்த்தியே. நான்காம் நாள் வலி வந்தது. முன்னெப்போதும் வராத மாதிரி வந்தது. வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். சுவரில் எறும்பு ஏறுகிறது என்றாள், சாப்பாட்டில் நான் எதையோ கலந்துவிட்டதாகச் சொன்னாள். ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் கேள்விதான் கேட்டார்கள். பதில் சொன்னவள் நான்.

"இவங்க எப்பவும் இப்படித்தானா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா சார். வருசக்கணக்கா இப்பிடித்தான். நடிப்பு சார். வேலைக்குப் போகணும்னா இப்பிடி ஆயிரும்."

அத்தான் வாசலில் நின்றார். பதினைந்து வயது முத்துச்செல்வி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அக்காவுக்கு அப்போது நினைவு இருந்தது. என்னைப் பார்த்தாள்.

டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார். மறுநாள் காலை அக்காவுக்கு வலிப்பு வந்தது. வலிப்பு நிற்கவும், அவள் அடங்கித் தூங்கவும் ஊசி போட்டார்கள். அன்று மாலைக்குள் கைகளைத் தூக்க முடியவில்லை என்றாள். தோளிலிருந்து கை தொங்கியது. தலை சீவச் சீப்பைக் கையில் கொடுத்தேன், நழுவி விழுந்தது.

"தூக்கு. நீ தூக்குவ. எனக்குத் தெரியும், நீ தூக்குவ" என்று அதட்டினேன். அவள் கையை நானே தூக்கிப் பிடித்து, பிறகு விட்டேன். கட்டில் கம்பியில் மோதி விழுந்தது. மறுபடியும் தூக்கி விட்டேன். மறுபடியும் விழுந்தது.

அடுத்த நாள் அவள் குரல் மூக்கால் பேசுவது போல ஆகி, பிறகு காற்று மட்டும் வந்தது. அதற்கும் அடுத்த நாள் மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது. இருதயம் நின்றுபோனதாக எழுதிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் இருதயம் நின்றுதான் சாவு வருகிறது என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. அழுதேன். அழும்போதே, இனி அடிக்கடி லீவு கேட்டு மேனேஜர் முன்னால் நிற்க வேண்டியதில்லை என்று ஓர் எண்ணம் வந்து போனது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வந்தது காலண்டர் சீசனில். ஆவணியில் ஆரம்பித்தால் மார்கழி வரை அச்சகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. எங்கள் மாநிலத்துக்கு மட்டுமல்லாமல் வேறு நான்கு மாநிலத்து ஆர்டரும் சேர்ந்து வரும். நல்ல நேரம், கெட்ட நேரம், பண்டிகை நாள் எதிலும் ஒரு எண் மாறக்கூடாது. அந்த வருடம் நான் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லி இல்லை, பாக்கி வேலை முடியட்டும் என்று. காலையில் ஒரு டீ. ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் உண்டு. ஒரு மாதம் இப்படி ஓடியது.

ஒரு வியாழக்கிழமை புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வயிற்றில் யாரோ கயிற்றைக் கட்டி முறுக்குவது போல வலித்தது. ஒரு நிமிடம் பொறுத்தால் போய்விடும் வலி இல்லை. போகவே இல்லை. முதுகுக்கும் தொடைக்கும் இறங்கியது. படுத்தாலும் வலி, குனிந்தாலும் வலி. இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. என் கணவர் பால்ராஜ் அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். மாடிப்படியில் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அந்த மனிதரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடியது எனக்கு நினைவிருக்கிறது.

டாக்டர் வயிற்றை அமுக்கினார். வயிறு பஞ்சு மாதிரி இருந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று குடல்வாலை அறுத்து எடுத்தார்கள். எடுத்ததைப் பாட்டிலில் போட்டு என் கணவரிடம் காட்டினார்கள். அது நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் மயக்கம் தெளிந்து எழுந்தபோது வலி முன்னைவிட அதிகமாக இருந்தது. தலையணையைச் சரி செய்யக் கையைத் தூக்கினேன். பாதியில் நின்றுவிட்டது.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துபோயிற்று. எந்த நோய் என்று அல்ல. அக்கா நடிக்கவில்லை என்று.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பொது வார்டு, ஜன்னலோரக் கட்டில். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என் கணவரின் அக்கா முடியாது என்றுவிட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. முத்துச்செல்விதான் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அவளுக்கு அப்போது பதினேழு முடிந்திருந்தது. தாய் போனபின் பத்தாவதோடு நின்று, வீட்டிலிருந்து பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

வந்த அன்றே என்னைத் துடைத்து, உடை மாற்றி, முடியை இரண்டாகப் பிரித்துப் பின்னிவிட்டாள். நகம் வெட்டினாள். கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள். என் வாய் ஓரத்தில் வழிந்ததைத் தன் தாவணியால் துடைத்தாள். எதிர்க்கட்டில்காரர், "உங்க மகளா? குடுத்து வச்சவுக நீங்க" என்றார்.

மறுநாள் மத்தியானம் வார்டு அமைதியாக இருந்த நேரம். என் குரல் ஏற்கெனவே போய்விட்டது. முத்துச்செல்வி ஸ்டூலை இழுத்துக் காதருகே போட்டு உட்கார்ந்தாள்.

"சித்தி, அன்னைக்கு அம்மாவப் பத்தி டாக்டர்ட்ட நீங்க சொன்னப்ப, நான் அங்கனதான் நின்னேன்" என்றாள்.

என்னால் கண்ணை மட்டும்தான் திருப்ப முடிந்தது.

"அம்மா கையத் தூக்கித் தூக்கிக் கீழ போட்டீக. அதையும் பாத்தேன். உங்களுக்குக் கை விழுந்துருச்சுன்னு அப்பா வந்து சொன்னாக. அதான் வந்தேன். உங்களுக்கு ஊழியம் பாக்கணும்னு வரல. அம்மாவுக்கு எப்பிடி இருந்துருக்கும்னு உங்களுக்குத் தெரியட்டும், அதப் பாக்கணும்னு வந்தேன்."

சொல்லிவிட்டு, என் கை விரல்கள் ஒவ்வொன்றையும் நீவிவிட ஆரம்பித்தாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. ஒரு விரலையும் விடவில்லை.

மூன்றாம் நாள் காலை டாக்டர்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் பெரிய டாக்டர், பின்னால் ஆறேழு இளம் டாக்டர்கள். பெரிய டாக்டர் என் கேஸ் சீட்டைப் புரட்டினார். "எல்லா டெஸ்ட்டும் நார்மல். இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

என் கணவர் களைத்துப் போயிருந்தார். ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. வேலைக்குப் போகவில்லை. "இல்ல சார். ஆனா இவுக குடும்பத்துலயே இது உண்டு. நடிப்பு சார். இவ அக்காகாரியும் இப்பிடித்தான். நடிச்சு நடிச்சே செத்துப் போனா. இவதான் என்கிட்ட சொல்லுவா, எங்க அக்கா நடிப்புக்காரின்னு."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பெரிய டாக்டர், "மனநல டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க. தூக்கத்துக்கு ஏதாவது எழுதிடுங்க" என்று சொல்லி நகர்ந்தார்.

தூக்கத்துக்கு. நான் முத்துச்செல்வியைப் பார்த்தேன். என்னால் வேறெதுவும் செய்ய முடியாது. அவள் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூட்டம் அடுத்த கட்டிலுக்குப் போனது. அவள் அசையவில்லை. அதற்கடுத்த கட்டிலுக்குப் போனது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே ஒருமுறை வாங்கியிருக்கிறேன். மூன்றாவது கட்டிலையும் தாண்டிக் கூட்டம் கதவருகே போனது.

அப்போதுதான் ஓடினாள். கடைசியாகப் போய்க்கொண்டிருந்த பெண் டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டர், தூக்க ஊசி போடாதீக. எங்கம்மாவுக்கும் இதே மாதிரி வயித்துவலிதான் வந்துச்சு. பெறகு வலிப்பு. தூக்க ஊசி போட்டாக. கை விழுந்துச்சு, பேச்சுப் போச்சு, ரெண்டு நாள்ல செத்துப் போச்சு. நடிக்கல டாக்டர். எங்கம்மா நடிக்கல."

அவர் டாக்டர் வசந்தி. மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர், என்னைவிட வயது குறைவு. அவர் நின்றார். திரும்பி வந்து என் கட்டிலுக்குக் கீழே தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தார். ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழும் இடம். காலையில் மஞ்சளாக இறங்கியது, பத்து மணிக்குள் நாவல்பழச் சாறு நிறத்துக்கு மாறியிருந்தது. துப்புரவு செய்கிற அம்மா இரண்டு நாளாக, "என்னத்தக் குடிக்கிறாகளோ" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பையை மாற்றினார். யாரும் காதில் வாங்கவில்லை.

டாக்டர் வசந்தி புதிதாகக் கொஞ்சம் பிடித்து, பாதியைச் சோதனைக் குழாயில் ஊற்றி, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வெயிலில் வைத்தார். மீதியைக் கீழே பரிசோதனைக்கூடத்துக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். அதில் ஒரு திரவத்தைச் சொட்டவிட்டால், இந்த நோய் இருந்தால் செக்கச் செவேலென்று ஆகுமாம். ஆனது. அன்று மாலையே சீட்டிலிருந்து தூக்க மருந்தின் பெயரை அடித்துவிட்டு, கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நோயின் பெயர் போர்ஃபைரியா. அதற்கு அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருந்த மருந்து சர்க்கரை மட்டும்தான்.

ஆனால் அதற்குள் மூச்சுத் தசையும் சோர்ந்துவிட்டது. தொண்டையில் குழாய் விட்டு, மூச்சு மிஷினில் பதினோரு நாள் இருந்தேன். உடம்பில் ஒன்றும் அசையாது. காது கேட்கும், புத்தி தெளிவாக இருக்கும். இதை வெளியில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டிலில் கிடப்பவர் மரம் மாதிரி இருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். என் கணவரின் அக்கா என்னைப் பார்க்க வந்தார். எனக்குத் தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த மயில் கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "புதுசு, பீரோவுல கெடந்து என்ன செய்ய" என்று தம்பியிடம் சொன்னார். போகும்போது, "இன்னும் எம்புட்டு நாளைக்குன்னு டாக்டர்ட்டக் கேட்டியா?" என்றார். கேட்கவில்லை, கேட்கிறேன் என்றார் என் கணவர்.

தீவிர சிகிச்சை அறைக்குள் முத்துச்செல்வியை அதிக நேரம் விட மாட்டார்கள். தினமும் ஐந்து நிமிடம் மட்டும். வந்து விரல்களை நீவுவாள். ஒன்பதாம் நாள் என் வலது ஆள்காட்டி விரல் அவள் உள்ளங்கையில் அசைந்தது. அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

குழாயை எடுத்து வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு நாள், டாக்டர் வசந்தி பணி முடிந்து வந்து உட்கார்ந்தார். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். குரல் கரகரவென்று வந்தது. என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வைத்தே சொன்னார்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் அறை இருக்கிறது. அதற்குள் மூலப்பிரதி இருக்கிறது. அதுதான் டிஎன்ஏ. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. உடம்புக்கு வேண்டிய புரதங்களை எப்படிச் செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மூலத்தை வெளியே எடுக்க மாட்டார்கள். எந்தப் புரதம் வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்த நகலின் பெயர் ஆர்என்ஏ. வெளியே ரைபோசோம் என்று ஒரு சின்ன எந்திரம் நகலை வாங்கி, மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். மூன்றெழுத்து ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். இருபது வகை அமினோ அமிலம் உண்டு. சொல்லுக்கு ஏற்றதைச் சுமந்து வர ஆட்கள் இருக்கிறார்கள். கொண்டுவந்ததை எந்திரம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகும். கோத்த சங்கிலி மடிந்து சுருண்டால் அதுதான் புரதம்.

"எங்கே முடிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நல்லாக் கேட்டீங்க. மொத்தம் அறுபத்துநாலு சொல். அதுல மூணு சொல்லுக்கு அர்த்தம் 'நிறுத்து'. அது வந்தா எந்திரம் நின்னுடும், சங்கிலியை விட்டுடும்."

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருளை உடம்பு எட்டுப் படிகளில் செய்கிறது என்றார். ஒவ்வொரு படிக்கும் ஒரு புரதம், அதாவது என்சைம், வேலை செய்கிறது. மூன்றாவது படி என்சைமுக்கான எழுத்து நமக்கு இரண்டு பிரதி இருக்கும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. என்னிடம் ஒரு பிரதி கெட்டது. அதனால் அந்த என்சைம் பாதிதான் இருக்கிறது. சாதாரண நாளில் பாதி போதும். ஆயுசு முழுவதும் ஒன்றும் ஆகாமல் போகிறவர்களே அதிகம். ஆனால் பட்டினி கிடந்தாலோ, மாதவிடாய்க்கு முன்னாலோ, சில மருந்துகளை எடுத்தாலோ முதல் படி தறிகெட்டு ஓடும். மூன்றாவது படியில் சரக்கு தேங்கும். தேங்கிய சரக்கு நரம்பைத் தாக்கும். வயிற்றின் நரம்பைத் தாக்கினால் வலி. மூளையைத் தாக்கினால் எறும்பு ஏறும். கை நரம்பைத் தாக்கினால் கை விழும். வயிறு நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் அமுக்கினால் ஒன்றும் தெரியாது. சர்க்கரை உள்ளே போனால் முதல் படி அடங்கும்.

"எந்த மருந்து எல்லாம்?" என்றேன்.

ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். ஆபரேஷனுக்கு எனக்குக் கொடுத்த மயக்க மருந்து அதில் இருந்தது. முதல் வரியில் இருந்தது வலிப்புக்கும் தூக்கத்துக்கும் போடுகிற ஒரு ஊசியின் பெயர்.

"எங்க அக்காவுக்குப் போட்டது இதுதானா?"

அவர் பட்டியலை ஒருமுறை பார்த்தார். "நான் அந்தச் சீட்டைப் பாக்கல. ஆனா வலிப்பு வந்த அந்த நிலைமையில, அநேகமா இதத்தான் போட்டிருப்பாங்க. அவங்க தெரியாமப் போட்டது."

"நடிப்புன்னு யாராவது சொல்லாம இருந்திருந்தா, யோசிச்சிருப்பாங்களா?"

"அதுக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றார். பொய் சொல்லி என்னைத் தேற்றவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். முத்துச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளுக்கு இது இறங்குமா என்று கேட்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். வெளியூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு என் ரத்தத்தையும் முத்துச்செல்வியின் ரத்தத்தையும் அனுப்புவதாகச் சொன்னார். ஊசி குத்தும்போது அவள் வேறு பக்கம் திரும்பவில்லை. குழாயில் ஏறுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்து மூன்றாம் நாள், கம்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே வந்தேன். என் கணவர் அழைத்துப் போக வரவில்லை. போன் செய்தபோது, "ரத்தத்துலயே கோளாறுங்குறாக. எங்க வீட்டுல பயப்படுறாக. கொஞ்ச நாள் வேற எங்கனயாவது இரு" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. நான் அச்சகத்துக்குத் திரும்பினேன். அவர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். சிவகாசியில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் சின்ன வீடு பிடித்துக் குடியேறினேன். மேசை இழுப்பறையில் எப்போதும் பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்திருக்கிறேன். மணி அடித்தால் சாப்பிட எழுந்துவிடுவேன். எழுதுவதற்குக் கை முழுதாகப் பழகுவதற்கு ஒன்றேகால் வருடம் ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்கூடத்துக் காகிதம் வந்தது. டாக்டர் வசந்தி தபாலில் அனுப்பியிருந்தார். ஆங்கிலம். ஆனாலும் எழுத்துப் பார்ப்பது என் தொழில், உட்கார்ந்து படித்தேன். எங்கள் மூலப்பிரதியில், அந்த என்சைமுக்கான பக்கத்தில், ஓரிடத்தில் சி, ஜி, ஏ என்று இருக்க வேண்டும். டி, ஜி, ஏ என்று இருந்தது. சிஜிஏ ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் சொல். டிஜிஏ, நிறுத்து. சங்கிலி பாதியிலேயே அறுந்துவிடும், அறுந்த துண்டை செல் குப்பையில் போட்டுவிடும். அவ்வளவுதான். ஒரு எழுத்து. அதற்குத்தான் என் அக்காவை நான் சோம்பேறி என்றேன்.

இரண்டாவது காகிதம் முத்துச்செல்வியுடையது. அதிலும் டி, ஜி, ஏ.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போனேன். அவள் வாங்கிப் பார்த்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். "சரி" என்றாள். அத்தான்தான் என்னை வெளியே கூட்டிப்போய் நிறுத்தினார்.

"ஆனைக்குட்டத்துலருந்து பொண்ணு பாக்க வாராக. நல்ல எடம். பையன் ஸ்கிரீன் பிரிண்டிங் வச்சுருக்கான். இது வெளிய போச்சுன்னா எவன் கட்டுவான்? நீ வாயத் தொறக்கக் கூடாது மாரி."

எல்லோருக்கும் நோய் வராது என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் போகிற வீட்டில் அவள் விரதம் இருப்பாள். பிள்ளைப்பேறு வரும். வலி வந்தால் ஊசி போடுவார்கள். என்ன ஊசி என்று அங்கே யாருக்கும் தெரியாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், "சரி அத்தான்" என்றேன். இன்னொரு முறையும் என் வாயால் இந்தக் குடும்பத்துக்குக் கெடுதல் வர வேண்டாம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு மாமா. கேசரியும் வடையும் தட்டில் வைத்து முத்துச்செல்வி கொண்டுவந்து வைத்தாள். பையனின் அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் உட்காரச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயில்லாப் புள்ள. அம்மா எதுல தவறுனாக?" என்று கேட்டார்.

"நெஞ்சுவலி மதினி" என்றார் அத்தான்.

முத்துச்செல்வி அந்த அம்மாவின் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"சித்தி, நீங்க சொல்லுங்க."

"ஏ புள்ள, உள்ள போ" என்றார் அத்தான்.

"நீங்கதான சொன்னீக அன்னைக்கு. இன்னைக்கும் நீங்களே சொல்லுங்க. எங்கம்மாவுக்கு என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். வலியை, விரதத்தை, டாக்டர் கேட்டதை, நான் சொன்ன பதிலை, அவள் கையைத் தூக்கிக் கீழே போட்டதை. பிறகு எனக்கு வந்ததை, நோயின் பெயரை, அது முத்துச்செல்வியிடம் இருப்பதை. எச்சரிக்கையாக இருந்தால் அவள் நன்றாக வாழலாம், பிள்ளை பெறலாம், பட்டினி கிடக்கக் கூடாது, இந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பட்டியலையும் நீட்டினேன். யாரும் அதை வாங்கவில்லை.

பையனின் அம்மா எழுந்துவிட்டார். "நல்லவேளை, இப்பவே சொன்னீக தாயி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பையன் வாசல் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மாமா அவன் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அத்தான் என் முன்னால் வந்து நின்றார். "ஒரு வார்த்தைல எம் பொண்டாட்டியக் கொன்ன. இப்ப எம் மகளையும் முடிச்சுட்ட" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று நான் வாதாடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முத்துச்செல்வி வந்தவர்கள் தொடாத தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றை என் முன்னால் வைத்தாள். இன்னொன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"செல்வி, என்னைய நீ..." என்று ஆரம்பித்தேன்.

"நான் ஒண்ணும் மன்னிக்கல சித்தி" என்றாள். "மணி ரெண்டாச்சு. காலையிலருந்து ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்பிடல. நம்ம பட்டினி கெடக்கக் கூடாது. சாப்பிடுங்க."

கேசரி ஆறிப்போயிருந்தது. இருவரும் தட்டு காலியாகும் வரை சாப்பிட்டோம்.